வங்கிக் கரையும் எழுபது வளைவும்

மலர்க் குழுவினர் போனில் கூப்பிட்டு, "சார், ஏதாவது எழுதிக் கொடுங்க. வரலாற்றுக் கட்டுரையா இருந்தா நல்லது. ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி ஏற்கெனவே ஒன்பது பேர் எழுதிட்டாங்க" என்றார்கள். எனவே சாம்பாரை விட்டுவிடுகிறேன். (அதைப் பற்றி எனக்கும் சொல்ல நிறைய உண்டு!) 1970-ல் சேர்ந்து 1975-ல் வெளியே வந்த நம் சிவில் செட்டில், வாழ்நாள் முழுக்க வளைவுகளோடு மல்லுக்கட்டியவன் நான். ஆகவே வளைவைப் பற்றித்தான் எழுத முடியும். குறிப்பாக, ஒரு பக்கம் ஓடி, சட்டென்று மடங்கி, மறுபக்கம் ஓடி, மறுபடி மடங்கும் அந்தக் கோடு இருக்கிறதே... அதைப் பற்றி.

அந்தக் கோட்டை நான் முதலில் பார்த்தது மலையில் அல்ல. அம்மாப்பேட்டையில், எங்கள் வீட்டுக் குழித்தறியில்.

அப்பா பட்டு வேட்டி நெய்தவர். சேலத்து வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் பிற்காலத்துக் கதை. நான் சிறுவனாக இருந்தபோது அது வெறும் வேட்டிதான், கூலிதான். வேட்டியின் உடல் வெறும் வெள்ளை, வேலையெல்லாம் கரையில். மயில்கண், ருத்ராட்சம், ரேக்கு என்று கரைக்கு ஆயிரம் பெயர் இருக்கும். அதில் ஒன்று வங்கி. இன்றைய பிள்ளைகளிடம் வங்கி என்றால் பணம் போடுகிற இடம் என்று நினைப்பார்கள். பெண்கள் மேற்கையில் அணியும் வங்கி என்ற நகை உண்டல்லவா, நடுவில் கூராக மடங்கி நிற்குமே, அந்த மடிப்பையே தொடர்ச்சியாக அடுக்கினால் வருவதுதான் வங்கிக் கரை. காஞ்சிபுரத்துச் சேலைக்காரர்களும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு ஒரு வேலை உண்டு. தறிக்கு மேலே டாபிப் பெட்டி இருக்கும். அதில் சின்னச் சின்ன மரச்சட்டங்களைக் கோத்த ஒரு சங்கிலி சுற்றும். ஒவ்வொரு சட்டத்திலும் வரிசையாகத் துளைகள். எந்தத் துளையில் ஆணி இருக்கிறதோ அதற்குரிய விழுது மேலே தூக்கும், பாவு பிளக்கும், நாடா ஓடும். ஒரு ஊடை விழுந்தால் அடுத்த சட்டம் வரும். ஆணி அடிக்கிற வேலை என்னுடையது. முதல் சட்டத்தில் முதல் துளை, அடுத்ததில் இரண்டாவது, அடுத்ததில் மூன்றாவது என்று போனால் துணியில் சாய்வாக ஒரு கோடு ஏறும். கடைசித் துளை வந்துவிட்டால்?

"கரை முடிஞ்சு போச்சில்ல கண்ணு? திரும்பித்தான் ஆகணும்" என்பார் அப்பா.

எட்டாவது துளையிலிருந்து ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கி வர வேண்டும். கோடு மடங்கும். வங்கி பிறந்துவிட்டது!

ஒருநாள் அவர் சொல்லாமலே நான் ஒரு வித்தை செய்தேன். இரண்டு சட்டத்துக்கு ஒருமுறை மட்டும் ஆணியை நகர்த்தினேன். துணியில் பார்த்தால் கோடு செங்குத்தாக நிமிர்ந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ஒரு ஊடைக்கு ஒரு ஆணின்னா சாய்வு ஒண்ணு. ரெண்டு ஊடைக்கு ஒரு ஆணின்னா சாய்வு வேற. கூடக்கூட நிமிரும். அதுக்கேத்த மாதிரி நூலு கணக்குப் பண்ணிக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். பல வருடம் கழித்து நம் வகுப்பில் 'கிரேடியன்ட்' பாடம் நடந்தபோது, இருபதுக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று என்று கரும்பலகையில் எழுதியதும் எனக்கு மட்டும் டாபிச் சட்டம் கண்முன் வந்தது. அந்தப் பாடத்தில் நான் வாங்கிய மார்க் அப்பாவுக்குச் சேர வேண்டியது.

நம் செட்டில் கொல்லிமலையிலிருந்து வந்த மாணவன் ஒருவன்தான். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டைக்கு வருவான். 'மலை' என்றுதான் நாம் கூப்பிட்டோம், அப்படியே இருக்கட்டும். மலையாளி என்று சொல்லப்படும் பழங்குடிச் சமூகம். ("கேரளாவில் எந்த ஊருப்பா?" என்று முதல் நாள் கேட்டவர் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவரும் இந்த மலரை வாசிப்பார்!) அவர்கள் பேசுவது தமிழ்தான். மலையில் வாழ்பவர்கள், அதனால் அந்தப் பெயர்.

இரண்டாம் வருடம் பொங்கல் விடுமுறையில் அவன் ஊருக்கு நான் போனேன். அன்று நாமக்கல் தனி மாவட்டம் இல்லை. 1997 ஜனவரி 1-ஆம் தேதிதான் அது சேலத்திலிருந்து பிரிந்தது. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று பஸ் மாறி அடிவாரம் காரவள்ளி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து அவன் ஊருக்கு நடைதான்.

சமவெளியில் பிறந்தவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. உச்சி தெரிகிறது, நேரே ஏறினால் ஆயிற்று என்று நான் கிளம்பினேன். கால் மணி நேரத்தில் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினேன். அவன் வலப்பக்கம் சாய்ந்து நடந்து, கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் திரும்பி, பேசிக்கொண்டே வந்து என்னைத் தாண்டிப் போனான். முன்னால் நாலைந்து வெள்ளாடுகள் அதே தடத்தில், அதே மாதிரி மடங்கி மடங்கிப் போய்க்கொண்டிருந்தன.

"ஆட்டுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லியேடா" என்றான்.

ஆட்டின் புத்திக்குக் கணக்கு போட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2007-ல் இரண்டு ஆய்வாளர்கள், மனிதன் மலையேறும்போது எந்தச் சாய்வுக்கு மேல் நேரே ஏறுவதைவிட மடங்கி ஏறுவது லாபம் என்று கணித்தார்கள். ஏறுவதற்குச் சுமார் 16 பாகை என்று விடை வந்தது. இறங்குவதற்கு அதைவிடக் குறைவு. 16 பாகை என்றால் மூன்றரை அடி நடந்தால் ஒரு அடி ஏற்றம். அதற்கு மேல் செங்குத்தான சரிவு வந்தால், மடங்கிப் போய்ச் சாய்வை அந்த அளவுக்குள் வைத்துக்கொள்வதுதான் உடம்புக்குச் சிக்கனம். உலகத்து மலைப்பாதைகள் எல்லாம் எந்த ஓவர்சீயரும் இல்லாமல் ஒரே மாதிரி மடங்குவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் தண்ணீர் இதற்கு நேர் எதிர்! சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் கடந்து நாமக்கல் சமவெளியில் காவிரியைத் தேடிப் போகும்போது நெளிந்து நெளிந்துதான் போகும். கொல்லிமலை அய்யாறு மலையில் இருக்கும்வரை நேரே குதிக்கும். ஆகாய கங்கை அருவி அதுதான். ரோடு சமவெளியில் நேராகவும் மலையில் நெளிந்தும் போகும். ஆறு மலையில் நேராகவும் சமவெளியில் நெளிந்தும் போகும். இரண்டுக்கும் காரணம் சாய்வுதான்.

பாதி வழியில் ஒரு ஊற்று. அங்கே உட்கார்ந்து அவல் சாப்பிட்டோம். அங்கேதான் அவன் அதைச் சொன்னான். நாலு வருடம் முன்பு அவன் அக்காவுக்குப் பிரசவ வலி. இரண்டு நாள் ஆகியும் குழந்தை வரவில்லை. புடவையைத் தூளியாகக் கட்டி, நீள மூங்கிலில் கோத்து, முன்னால் இருவர் பின்னால் இருவராக இந்த வழியில்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா அடிவாரம் வந்து சேரவில்லை.

நான் ஒன்றும் பேசவில்லை. அவனே சற்று நேரம் கழித்து, அந்த மடிப்பைக் காட்டி, "இந்தத் திருப்பம் இருக்கே, ஒத்தை ஆளுக்குச் சரி. மூங்கில் திரும்பாதுடா. முன்னாடி இருக்கிறவன் திரும்பினா பின்னாடி இருக்கிறவன் பள்ளத்துல நிக்கணும். ஒவ்வொரு திருப்பத்திலயும் தூளியை இறக்கி வெச்சு, மூங்கிலைத் தூக்கித் திருப்பி, மறுபடி தோள்ல ஏத்தி... அங்கதான் நேரம் போச்சு" என்றான்.

சாலைப் பொறியியலில் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கொண்டை ஊசி வளைவின் ஆரம் ஏன் அவ்வளவு இருக்க வேண்டும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி மலைச்சாலைக் கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 60 மீட்டர் இடைவெளி. வளைவின் மேலேயே ஏற்றம் 40-க்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நீளம் இருக்கிறது. அந்த நீளம் திரும்ப இடம் வேண்டும். மூங்கிலின் கதைதான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். இல்லாவிட்டால் மலர்க் குழு கோபித்துக்கொள்ளும்.

மலைச்சாலையின் வரலாறு என்பது காலின் கோடு சக்கரத்தின் கோடாக மாறிய வரலாறு. காலுக்கு மூன்றரைக்கு ஒன்று போதும். சக்கரத்துக்கு இருபதுக்கு ஒன்று வேண்டும். கணக்குக்காக ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் நடந்து போக நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே போதும். அதே உயரத்துக்கு லாரி ஏற இருபது கிலோமீட்டர் ரோடு போட வேண்டும். அந்த இருபது கிலோமீட்டரை மலையின் ஒரு முகத்தில் எப்படி அடக்குவது? மடித்துத்தான்.

ஐரோப்பாவில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் கார்லோ டோனேகானி என்ற இத்தாலியப் பொறியாளர். ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய் ரோட்டை 1820-க்கும் 1825-க்கும் இடையில் போட்டார். வடக்கு முகத்தில் மட்டும் 48 வளைவுகள். இன்றும் அதே தடத்தில் கார்கள் போகின்றன. ரயில் வந்தபோது சிக்கல் அதிகமாயிற்று. தண்டவாளம் கொண்டை ஊசி போல் மடங்காதே! அதற்கும் ஒரு வழி கண்டார்கள். ரயில் ஏறிப்போய் ஒரு முட்டுச்சந்தில் நிற்கும். அங்கிருந்து எதிர்த்திசையில் கிளம்பி அடுத்த சரிவில் ஏறும். பம்பாய் - புனே பாதையில் போர் காட் மலையில் 1863-ல் அப்படி ஒரு திரும்பு நிலையம் அமைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் லித்கோ என்ற இடத்தில் 1869-ல் இதே முறை. 1881-ல் முடிந்த டார்ஜிலிங் ரயிலில் இன்றும் வண்டி முன்னும் பின்னுமாக 'இசட்' போட்டு ஏறுவதைப் பார்க்கலாம்.

நம் பக்கம் சென்னை ரயில்வேக்காரர்கள் அந்த வம்புக்குப் போகவில்லை. 1861-ல் சேலத்துக்கு ரயில் வந்தது. சேர்வராயன் மலையில் ஏறாமல் பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை என்று சுற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கேட்டால் அதுவே நல்ல பொறியியல். ஏறத் தேவையில்லாத மலையில் ஏறாமல் இருப்பதும் ஒரு திறமைதானே!

ஏற்காட்டில் ஏற வேண்டிய தேவை காபியால் வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அங்கே காபியைக் கொண்டுவந்தார். இங்கே ஒரு சின்னத் திருத்தம்: தாமஸ் மன்றோ 1842-ல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் கையேடுகளில் இன்னும் அச்சாகிறது. மன்றோ 1827-லேயே காலராவில் இறந்துபோனார். இறந்தவர் பதினைந்து வருடம் கழித்து எழுந்து வந்து மலை ஏறினார் என்றால் அது வரலாறு அல்ல, வேதாளக் கதை! போகட்டும். தோட்டக்காரர்கள் குதிரையிலும், ஆள் தூக்கிய நாற்காலியிலும் ஏறினார்கள். அந்த நாற்காலியைத் தூக்கியவர்கள் எந்தச் சாய்வில் ஏறினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. காபி மூட்டை அதிகமானபோதுதான் சக்கரத்துக்கு வழி வேண்டியதாயிற்று. காபியும் சக்கரமும் சேர்ந்துதான் மலைச்சாலையைக் கொண்டுவந்தன.

இன்று சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் 20. கொல்லிமலைக்கு 70. ஏற்காடு 1,515 மீட்டர் உயரம். கொல்லிமலை அதைவிட உயரம் இல்லை. பின் ஏன் மூன்றரை மடங்கு வளைவு? இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், காண்ட்ராக்டர் கணக்கில் பணம் பார்க்கவா என்று கூட ஒருவர் கேட்டார்!

அப்பாவின் பதில்தான் இதற்கும் பதில். கரை அகலம்! சேர்வராயன் மலையின் தெற்கு முகம் அகலமான கரை. ரோடு ஒரே சரிவில் வெகுதூரம் ஓடி ஏறிக்கொண்டே போகலாம்; எப்போதாவது திரும்பினால் போதும். கொல்லிமலை காரவள்ளிப் பக்கம் சுவர் மாதிரி நிற்கிறது. கொஞ்சம் ஓடினால் சரிவு முடிந்துவிடும், அந்தப் பக்கம் பள்ளம். "கரை முடிஞ்சு போச்சில்ல கண்ணு? திரும்பித்தான் ஆகணும்." முன்பு சொன்ன இருபது கிலோமீட்டரை எழுபதால் வகுத்தால் 285 மீட்டருக்கு ஒரு திருப்பம் வரும். குறுகிய கரையில் நெருக்கமான வங்கி. வால்பாறைக்கு 40, ஊட்டி கல்லட்டிக்கு 36 என்று பெருமை பேசுபவர்கள் ஒருமுறை காரவள்ளியில் '1/70' என்ற பலகையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

திருச்செங்கோட்டுக்காரர்கள் என்னை விடமாட்டார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரே மலையில் இரண்டு கோடுகளையும் பார்க்கலாம். ஏறத்தாழ 1,200 படிகள் காலுக்கு; வளைந்து போகும் ரோடு சக்கரத்துக்கு. படிவழியில் பாறையில் செதுக்கிய அறுபது அடி நீள நாகம், குங்குமமும் மஞ்சளுமாகக் கிடக்கும். நாககிரி என்றே அந்த மலைக்குப் பெயர். அறுபதாம் படியில் நின்று சத்தியம் செய்தால் வழக்கே முடிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் நம்பிக்கை. காரில் போகிறவர்களுக்கு நாகமும் இல்லை, சத்தியமும் இல்லை, பார்க்கிங் மட்டும்தான்!

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

எண்பதுகளின் தொடக்கம். வேறொரு மாவட்டம், வேறொரு மலை. நான் இளம் பொறியாளன். மடிப்பு ரோட்டுக்கு ஒரு ஆபத்து உண்டு. ஒரே சரிவில் ரோடு அடுக்கடுக்காக, மேல்வரி, நடுவரி, கீழ்வரி என்று போகும். மேல்வரியில் மண் சரிந்தால் கீழே உள்ள எல்லா வரிக்கும் அடி. துணியில் ஒரு ஆணி தவறினால் அந்த இடத்தில் மட்டும் கோடு உடையும். மலையில் அப்படி இல்லை. அதனால் முடிந்தவரை ஒரே முகத்தில் அடுக்க வேண்டாம் என்று விதி சொல்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் நான் மூன்று வளைவுகளை ஒரு முகத்தில் அடுக்கினேன். தூரம் மிச்சம், செலவு மிச்சம், நல்ல பெயர் கிடைக்கும் என்று கணக்கு.

சர்வே செய்யும்போது அந்தச் சரிவில் ஒரு பழைய நடைபாதை இருந்தது. நேரே மடங்கி ஏற வேண்டிய இடத்தில் அது காரணமில்லாமல் எங்கோ தள்ளிப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. எங்களோடு இருந்த வயதான மேஸ்திரி, "சாமி, அந்த எடம் ஊறும்ங்க. அதான் வழி ஒதுங்கிப் போவுது" என்றார். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் பிப்ரவரி மாதம். தரை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. நான் சிரித்துவிட்டு ஆப்பு அடிக்கச் சொன்னேன்.

இரண்டாவது வருடம் ஐப்பசி மழையில், இரவில், மேல் வளைவின் தாங்குசுவர் சரிந்தது. சுவரில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் மண்ணால் அடைத்துக்கொண்டிருந்தன. பின்னால் ஊறிய தண்ணீர் சுவரைத் தள்ளிவிட்டது. அது நடுவரியில் விழுந்து, நடுவரி கீழ்வரியில் விழுந்தது. யாரும் சாகவில்லை. அது என் புண்ணியம் அல்ல, இரவு நேரம் என்பதால். பதினோரு நாள் மேலே உள்ள ஊர்களுக்கு வண்டி போகவில்லை. அந்தப் பதினோரு நாளும் ஜனங்கள் அரிசியும் மண்ணெண்ணெயும் தலையில் வைத்துக்கொண்டு எந்த வழியாக ஏறினார்கள் தெரியுமா? அந்த ஒதுங்கிப் போன நடைபாதையில். அதில் ஒரு கல்லும் பெயரவில்லை.

விளக்கம் கேட்டு வந்த தாளில் 'எதிர்பாராத கனமழை' என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேஸ்திரி சொன்னதை அதில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். அதற்குப் பிறகு என் சர்வீஸ் முடியும்வரை, எந்த மலையிலும் முதலில் நடைபாதையை அளந்து வரைபடத்தில் ஏற்றாமல் நான் ரோட்டுக் கோடு போட்டதில்லை. மேலே இருந்தவர்கள் "இது என்னய்யா ஆட்டுப் பாதைக்கெல்லாம் மேப்பு?" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

மலைக்கு நான் அந்தச் சமயத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அவன் பதில் போஸ்ட் கார்டில் ஒரே வரி: "ரோடு லாரிக்குப் போட்டது, வழி காலுக்குப் போட்டது, ரெண்டையும் விடாதே."

அவன் சொன்னதில் கசப்பும் உண்டு. ரோடு வந்ததால் கொல்லிமலைக்கு ஆஸ்பத்திரி கிட்டே வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மிளகுக்கும் அன்னாசிக்கும் பலாவுக்கும் சந்தை வந்தது. அதோடு லாரியும் வந்தது. சேலத்துச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டும். நாம் குச்சிக்கிழங்கு என்போமே, அதுதான். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் கிழங்கு ஏறியது. கிழங்கை உடனே கீழே இறக்க வேண்டும். இறக்க லாரி வேண்டும். லாரிக்கு வளைவு வேண்டும். பாக்சைட் கூட இந்த மலைகளிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இப்படித்தான் இறங்கியது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கொல்லிமலைக்கு வந்து, சிறுதானிய விதைகளை ஊர் ஊராகச் சேமிக்க ஏற்பாடு செய்தார்கள். மலையின் அம்மா கடைசிவரை வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் சாமை போட்டுக்கொண்டிருந்தார். "லாரி ஏத்தற அளவு இல்லடா, எங்களுக்குத்தான்" என்று என்னிடம் சொன்னார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் அவன் பேத்திக்கு இரவு பதினொரு மணிக்கு வலி கண்டது. 108 வந்தது. எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் போனார்கள். ஆண் குழந்தை. அவன் போனில் சொன்னபோது, "எந்த வளைவிலயும் இறக்கி வைக்கலடா" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

எங்கள் தறி இப்போது இல்லை. அப்பா கண் மங்கியதும் கொடுத்துவிட்டோம். அண்ணன் பிள்ளைகள் யாரும் குழியில் இறங்கவில்லை. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் வருடத்துச் சட்டத்தால் பட்டு வேட்டிக்கு ஏதாவது வழி பிறக்குமா என்று அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு பலமுறை கேட்டிருக்கிறார். விசைத்தறி எத்தனை வேகமாக ஓடினாலும் ஆணி நகரும் கணக்கு மாறாது. கூலிக் கணக்குத்தான் மாறியது. டாபிச் சங்கிலியில் ஒரு துண்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. பதினாறு சட்டம், வங்கிக்கு அடித்த ஆணிகள் அப்படியே இருக்கின்றன. பேரனுக்கு அதை வைத்து 'கிரேடியன்ட்' சொல்லிக் கொடுத்தேன். அவன் அதை கம்ப்யூட்டர் புரோகிராம் என்கிறான். தவறில்லை.

போன தை மாதம் மலையைப் பார்க்கப் போனேன். நான் காரில், அவன் என்னை அழைத்துப்போக அடிவாரம் வரை வந்திருந்தான். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. முப்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். "குறுக்குவழி இருக்கு, நான் நடந்து வர்றேன்" என்று இறங்கிவிட்டான். "வயசாயிடுச்சுடா" என்றேன். கேட்கவில்லை. கார் சுற்றிச் சுற்றி மேலே நாலு வளைவு ஏறிப் போனபோது, எதிரே ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது விதி. அந்த டிரைவர் விட்டார், நல்ல மனுஷன். இந்தத் தாமதத்தில் மலை முந்திவிட்டான். மைல்கல்லில் உட்கார்ந்து செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா, இவ்வளவு நேரம்?"

கடைசியாக ஒரு அறிவிப்பு. இதை எழுதச் சொல்லி மலர்க் குழு கேட்டுக்கொண்டது. சந்திப்புக்கு மறுநாள் கொல்லிமலைச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் காலை ஆறு மணிக்கே கல்லூரி வாசலுக்கு வந்துவிடவும். நீளமான சொகுசுப் பஸ் அந்த வளைவுகளில் திரும்பாது. சின்ன வண்டிதான் பேசியிருக்கிறோம். வாந்தி மாத்திரை அவரவர் கொண்டுவரவும். காலை டிபனைக் காரவள்ளிக்கு முன்னால் சாப்பிட வேண்டாம். நடக்க முடிந்தவர்களுக்கு முப்பதாவது வளைவில் வண்டி நிற்கும்; வழி காட்ட மலை வருவான்.